சரித்து வெட்டிய இடது கால்

நம் ஆடைத் தொழிற்சாலைப் பொங்கல் விழாவுக்கு நான் போட்டுக்கொண்டு வந்த டங்கரியை, அந்த நெஞ்சுத்துண்டும் தோள்பட்டியும் வைத்த காற்சட்டையைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். ஒருத்தி தோள்பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிஸ், உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரித் துப்புரவா இருக்கு” என்றாள். நானும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அது நான் தைத்த இரண்டாவது டங்கரி என்பதை அன்று சொல்லவில்லை. முதலாவது எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. தரப் பரிசோதனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கம்பனியில் கேட்டிருக்கிறார்கள். அந்த முதலாவதைப் பற்றி எழுதுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தொடக்கம், நான் இளைப்பாறியபோது எனக்கு நடந்த பிரியாவிடை நாள். மாலை போட்டு, கேக் வெட்டி, என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசி முடித்திருந்தார்கள். அப்போது பின்வரிசையில் இருந்து உங்களில் ஒருத்திதான் கேட்டாள்:

“மிஸ், நீங்கள் வீட்டிலை தைக்கிறனீங்களோ?”

இருபது வருடத்துக்கு மேலாகப் பிறர் தைத்ததில் பிழை கண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவள் நான். ஒரு நூல் தப்பியிருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்ணில் படும். ஆனால் என் சட்டைகளை எங்கள் அரியாலையில் ஒரு தையற்கடையில் கொடுத்துத்தான் தைப்பிக்கிறேன். வாங்கும்போது இரண்டு பிழை சொல்லாமல் வாங்கியதும் இல்லை. சொந்தமாக முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சிக்குக்கூட ஓரம் அடித்தது கிடையாது. தையல் லைனில் இருந்த பிள்ளைகளுக்கு இது தெரியும் போல. இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“தைக்காமலோ?” என்றேன். “பொங்கலுக்கு வரேக்கை நானே தைச்ச டங்கரி போட்டுக்கொண்டு வாறன், பாருங்கோ.”

ஏன் டங்கரி என்று கேட்காதீர்கள். அந்தக் கிழமை லைனில் ஓடிக்கொண்டிருந்தது டங்கரி. வாயில் அதுதான் வந்தது. தலையணை உறை ஓடியிருந்தால் தலையணை உறை என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: “என்ன, இளைப்பாறின கையோடை டங்கரி போட்டுக் கார் திருத்திற கராஜ் திறக்கப் போறீரோ?”

தங்கையின் தையல் மெசினை இரவல் வாங்கினேன். பட்டர்னை இணையத்தில் காசு கொடுத்து வாங்கி, ரவுணில் ஒரு கடையில் அச்சடித்தேன். முப்பத்துச் சொச்சம் தாள். அவற்றை எண்படி ஒட்டினால் முழு உடுப்பின் வெட்டுத்துண்டுகளும் வரும். விறாந்தை நிலத்தில் எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கிற நேரம் கணவர் வந்து ஃபானைப் போட்டார். நெஞ்சுத்துண்டு சாமியறைக்குப் போனது. வலது கால் குசினிக்குள் போனது. நான் பேசிய பேச்சில் அவர் அன்று பின்னேரம் முழுவதும் வேலியோரம் இருந்தே பேப்பர் படித்தார்.

தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருந்தது. அச்சு சரியான அளவில் வந்திருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துப் பார்ப்பதற்கு. பார்த்தேன், மயிரிழைகூடப் பிசகவில்லை. அளக்கிறதில் என்னை ஆரும் பிழை பிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்போடு துணிக்கடைக்குப் போனதுதான் வினையாகிவிட்டது.

பட்டர்னில் இரண்டரை மீற்றர் துணி வேண்டும் என்று போட்டிருந்தது. கடைக்காரரிடம் இரண்டு மீற்றர் வெட்டச் சொன்னேன்.

“டங்கரிக்கு எண்டு சொன்னியள். காணாது அக்கா.”

“தம்பி, நான் காமென்ற்ஸிலை இருபது வருசம்” என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நல்லது.

வீட்டில் துணியை விரித்துத் துண்டுகளை வைத்தேன். முன்கால் துண்டு இரண்டும் வைத்தாயிற்று. நெஞ்சுத்துண்டு, பட்டிகள், பொக்கற்றுகள் எல்லாம் வைத்தாயிற்று. வலது பின்காலும் வந்துவிட்டது. இடது பின்காலுக்கு இடம் போதவில்லை. ஒவ்வொரு துண்டிலும் நீளமாக ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது துணியின் கரைக்கு ஒத்து நேராகப் போகவேண்டும் என்று அச்சடித்தவர்கள் மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். கடைக்குத் திரும்பிப் போனால் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டும். நான் துண்டைக் கொஞ்சம் சரித்தேன். ஒரு மூன்று விரல் அளவு. அழகாக அடங்கிவிட்டது. அந்த மூன்று விரலைப் பற்றி எனக்கு அப்போது பெருமைதான். வெட்டினேன்.

தைக்க இரண்டு கிழமை போயிற்று. தையல் தையலாக நான் பட்டதைச் சொல்லி உங்களைக் களைக்கவைக்க மாட்டேன். பொக்கற்றுகளில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. தோள்பட்டி ஒன்று முறுகிப்போய் நின்றது. இதெல்லாம் பரவாயில்லை. பக்கத் தையலை மட்டும் நான் ஊசி குத்தி, நூலோட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். முன்காலையும் பின்காலையும் இணைத்து இடுப்பில் இருந்து கணுக்கால் வரை ஓடுகிற நீளத் தையல் அது. அது நேராக வந்தது. சத்தியமாக நேராக வந்தது.

போட்டுப் பார்த்தேன். வலது கால் சரி. இடது காலின் தையல் இடுப்பில் பக்கத்தில் தொடங்கி, முழங்காலில் முன்னுக்கு வந்து, கீழே கால் நடுவில் போய் நின்றது. ஒரு கால் கோவிலுக்கும் மற்றக் கால் சந்தைக்கும் போகிற மாதிரி ஒரு நிலை.

தைக்கும்போது ஒரு துண்டை நான் இழுத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதே முறுக்கு. மூன்றாம் தரமும் பிரித்தேன், இந்த முறை ஒரு அங்குலத்துக்கு ஒரு ஊசி குத்தினேன். விரலில் இரத்தம் வந்ததே தவிரக் கால் திருந்தவில்லை.

கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு இரக்கத்தோடு கேட்டார்: “இஞ்சரும், உந்த மெசினிலை ஏதும் பிழை இருக்குமோ?”

“மெசினிலை என்ன பிழை? தைக்கிறவளிலைதான் பிழை” என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில் அது. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். இம்முறை தைத்தவள் நான் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. நான் இழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று தரம் தைத்துப் பார்த்துவிட்டேன். பிறகு ஏன் முறுகுகிறது?

டங்கரியைக் கழற்றி மேசையில் விரித்து, காலின் கீழோரத்தில் இருந்து நீளவாக்கில் ஒரு நூலை மெல்ல இழுத்தேன். நூல் வந்த வழியில் ஒரு கோடு தெரியும். வலது காலில் அந்தக் கோடு நடுவால் நேராக மேலே போயிற்று. இடது காலின் பின்துண்டில் சரிந்து சரிந்து போய்த் தையலில் முட்டியது. அந்த மூன்று விரல்தான். துணி தன் இழை போகிற பக்கத்துக்கே தொங்கும். எவ்வளவு நேராகத் தைத்தாலும் தையல் அதை மறிக்காது. பிழை ஊசிக்கு வருவதற்கு முன்னமே கத்தரிக்கோலில் நடந்து முடிந்துவிட்டது.

அப்போதுதான் சுகந்தியின் நினைவு வந்தது.

உங்களில் ஒருவருக்கும் சுகந்தியைத் தெரியாது. நீங்கள் வருவதற்குக் கன வருடத்துக்கு முன் எங்கள் லைனில் பக்கத் தையல் போட்டவள். புத்தூரில் இருந்து கம்பனி பஸ்ஸில் வருவாள். வேகமும் சுத்தமும் ஒன்றாகச் சேர்ந்த கை. கம்பனிக்கு வந்த ஒரு ஓடரில் அவள் தைத்த காற்சட்டைகளில் பத்துக்கு நாலு, இதே மாதிரிக் கால் முறுகி வந்தது. நான் கட்டோடு தூக்கிக்கொண்டுபோய் அவள் மெசினில் போட்டேன்.

“மிஸ், நான் இழுக்கேல்லை” என்றாள். “துணிதான் அப்பிடி வருது.”

“வாயில்லாத துணியிலை பழியைப் போடாதையும்” என்றேன்.

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் சொல்லிவிட்ட திருப்தியோடு அன்று மத்தியானம் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது. அவளை மெசினில் இருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேசையில் விடும்படி எழுதிக் கொடுத்தேன். அவளுடைய இடத்தில் வந்த பிள்ளை தைத்ததும் முறுகியது. அதையும் கழித்தேன். பிறகு அந்த ஓடர் முடிந்தது, முறுக்கும் முடிந்தது. இரண்டு பேர் தைத்தும் ஏன் ஒரே பிழை வருகிறது என்று நான் ஒருக்காலும் கேட்கவில்லை. துணி வெட்டுகிற மேசை என் கதிரையில் இருந்து இருபது அடி தூரம். நான் எழும்பி நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் சுகந்தி வேலைக்கு வராமல் விட்டாள். அதையும் நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று கிழமை இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நல்ல யோசனை அல்ல. ரவுணுக்குப் போய் ஒரு ரெடிமேட் டங்கரி வாங்கி, லேபிளை வெட்டிவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன். கடைக்குள் போய் ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டேன். பழக்க தோஷத்தில் உள்ளே திருப்பிப் பார்த்தேன். இரண்டு பிழை. வைத்துவிட்டு வந்தேன். ஆகவே நான் நேர்மையாக நடந்தேன் என்று நினைக்கவேண்டாம். அந்த உடுப்பைக் கொஞ்சம் திறமாகத் தைத்திருந்தால் இந்தக் கதை உங்களுக்குக் கிடைத்திருக்காது.

அன்றிரவே எங்கள் லைனின் பழைய சுப்பர்வைசருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். சுகந்தி புத்தூரில்தான் இருக்கிறாள், வீட்டில் பள்ளிக்கூட உடுப்புத் தைத்துக் கொடுக்கிறாள் என்று சொன்னார். அடுத்த சனிக்கிழமை டங்கரியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மழை விட்டிருந்தது. கோப்பாய் தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் தோட்டங்களில் தண்ணீர் நின்றது. போகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பேச்சை மனதுக்குள் தயார்செய்தேன். மூன்று பந்தி வந்தது. நல்ல பேச்சு.

சுகந்தி வந்து வேலிப் படலையைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் பருத்திருந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்கியது.

“மிஸ்ஸோ?”

“ஓம். என்னை ஞாபகம் இருக்கோ?”

“மறக்கேலுமே” என்றாள். “வாங்கோ, இருங்கோ.”

அவளுடைய முன்னறை முழுக்க வெள்ளைச் சட்டைகள் தொங்கின. நான் கதிரை நுனியில் இருந்துகொண்டு முதலாம் பந்தியைத் தொடங்கினேன். அவளுடைய கண் என் பையிலேயே இருந்தது.

“என்ன மிஸ் உது?”

எடுத்துக் காட்டினேன். வாங்கி, உள்ளே திருப்பி, வெளியே திருப்பிப் பார்த்தாள். “ஆர் தைச்சது?”

“நான்தான்.”

“போட்டுக்கொண்டு வாங்கோ. கையிலை வச்சுப் பாத்தால் விளங்காது.”

பேச்சில் இரண்டரைப் பந்தி மிச்சம் இருந்தது. நான் எழும்பிப்போய் அவளுடைய அறைக்குள் சேலையைக் கழற்றிவைத்துவிட்டு டங்கரியோடு வெளியே வந்தேன். வெளிச்சம் காணாது என்று என்னை முற்றத்துக்கு வரச் சொன்னாள். அறுபது வயதில், நரைத்த கொண்டையோடு, கோணல் கால் டங்கரியில் புத்தூர் முற்றத்தில் நின்றேன். வேலிக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர் பார்த்தார். கொஞ்சத் தூரம் போய்க் காலை ஊன்றித் திரும்பியும் பார்த்தார்.

சுகந்தி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். தொடவில்லை, குனிந்து பார்க்கவில்லை.

“இடது கால். பின்துண்டு. சரிச்சு வெட்டியிருக்கிறியள்.”

நான் மூன்று தரம் பிரித்துத் தைத்துக் கண்டுபிடித்ததை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

“ஓம்” என்றேன்.

“அண்டைக்கும் உதுதான் மிஸ்.”

“ஓம் சுகந்தி. அதுதான் வந்தனான். அண்டைக்கு நீர் சொன்னது சரி. நான்தான் பிழை. எல்லாரும் சிரிக்கத்தக்கதா உம்மை ஒரு சொல்லும் சொன்னனான். அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

மூன்று பந்தியில் கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவள் என் தோள்பட்டியில் நீட்டிக்கொண்டு நின்ற ஒரு நூலைப் பிடித்து, கத்தரிக்கோலால் வெட்டினாள். பிறகு சொன்னாள்:

“நான் அதுக்காக வேலையை விடேல்லை எண்டு சொன்னால் உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா அதுக்காகத்தான் விட்டனான்.”

வெட்டிய நூலை விரலில் சுற்றிக்கொண்டு மேலே சொன்னாள்:

“நூல் வெட்டுறதும் வேலைதான் மிஸ். அதிலை எனக்கு ஒண்டுமில்லை. ஆனா என்ரை கையிலை எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. வீட்டை வந்து பழைய துணியளை எடுத்துத் தைச்சுத் தைச்சுப் பாத்தனான். நேராத்தான் வந்தது. திருப்பித் திருப்பிப் பாத்தாலும் நேராத்தான் இருந்தது. எண்டாலும் நம்பேலாமல் கிடந்தது. மிஸ்ஸுக்குத் தெரியாமலோ, எனக்குத்தான் தெரியேல்லையாக்கும் எண்டு நினைச்சன். ஒரு வருசம் மெசினைத் தொடேல்லை.”

தங்கைமாரே, சம்பளம் குறைந்தது, பெயர் கெட்டது என்று அவள் சொல்லியிருந்தால் நான் எப்படியோ தாங்கியிருப்பேன். நேராகத் தைத்த ஒரு பிள்ளை, தன் கண்ணுக்கு முன்னால் நேராக இருக்கிற தையலை நம்ப முடியாமல் வீட்டில் இருந்திருக்கிறாள். என் ஸ்டிக்கரின் பலம் அவ்வளவு. உங்கள் கையிலும் அந்த ஸ்டிக்கர் கட்டு இருக்கிறது. ஒரே பிழை இரண்டு கையில் வந்தால், கையை விட்டுவிட்டு எழும்பி நடவுங்கள். வெட்டுகிற மேசைக்குப் போங்கள், துணி வந்த பெட்டியைப் பாருங்கள். “நான் இழுக்கேல்லை” என்று ஒருத்தி சொன்னால் அவள் பக்கத்தில் இருந்து இரண்டு காலைத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் போகும். கெட்டித்தனமாக ஒன்றும் சொல்லத் தோன்றினால் அதை விழுங்கிவிடுங்கள். உங்களை நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. அந்த மெசினில் இருக்கிறவளை நினைத்துச் சொல்கிறேன்.

சுகந்தி எனக்குத் தேநீர் தந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தேநீர் குடித்து முடிகிற நேரம், “துணி மிச்சம் இருக்கோ? அந்தப் பின்துண்டை மாத்தலாம்” என்றாள்.

“மிச்சமில்லை.”

“எவ்வளவு வாங்கச் சொல்லிக் கிடந்தது?”

“இரண்டரை.”

“எவ்வளவு வாங்கினனீங்கள்?”

சொன்னேன். அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தாள். கையால் வாயைப் பொத்தாமல் நன்றாகச் சிரித்தாள்.

“மிஸ், நீங்கள் அண்டைக்குச் சரிச்சு வெட்டின கட்டிங்காரரைவிட மோசம். புதுசா வாங்கிக்கொண்டு அடுத்த சனி வாங்கோ. பட்டர்ன் கடதாசியும் கொண்டுவாங்கோ. ஆனா நான் தைச்சுத் தரமாட்டன். நீங்கள்தான் தைக்கோணும்.”

அடுத்த சனிக்கிழமை மூன்று மீற்றரோடு போனேன். துணிக்கடைக்காரர் அளந்து தரும்போது முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. நல்ல மனிதர்.

சுகந்தி சட்டைகளை எல்லாம் ஒதுக்கி மேசையை வெறுமையாக்கித் தந்தாள். துணியை விரித்து ஒவ்வொரு துண்டாக நானே வைத்தேன். அவள் சுவரோடு சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கடைசியாக இடது பின்கால். இம்முறை இடம் தாராளமாக இருந்தது. அம்புக்குறியைக் கரையோடு ஒத்து வைத்து, சுருக்கம் இல்லாமல் தடவி, நாலு மூலையிலும் ஊசி குத்தினேன். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

“நேரோ மிஸ்?”

“நேர்தான்” என்றேன். இருபது வருடக் கண் அல்லவா.

சுகந்தி கிட்ட வந்தாள். கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து, அம்பின் மேல்நுனியில் இருந்து துணிக்கரை வரை அளந்தாள். பிறகு கீழ்நுனியில் இருந்து கரை வரை அளந்தாள். கீழே அரை அங்குலம் கூடுதலாக இருந்தது.  நாடாவில் அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

நான் ஊசிகளைக் கழற்றித் துண்டை நகர்த்தினேன். அவள் மேலும் கீழும் இன்னொருக்கா அளந்தாள். பிறகு கத்தரிக்கோலை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

“இப்ப வெட்டுங்கோ மிஸ்.”